கோவையில் கேட் (CAD) கோர்ஸ் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கேட் என்பது மெஷின் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் முறை. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, "கேட் படித்தால் டிசைன் வேலை உறுதி" என்ற விளம்பரத்தை நம்பிக் காந்திபுரத்துக்கு பஸ் ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்காகப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். என்னிடம் வாங்கியது 72,000 ரூபாய். கொடுத்தது அரைகுறைப் பாடம், திருட்டு சாஃப்ட்வேர், எந்தக் கம்பெனியும் மதிக்காத ஒரு சான்றிதழ், அப்புறம் அப்பாவின் பெயரில் ஒரு கடன். புகார் நடந்துகொண்டிருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் இப்போது என்னுடன் வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேர் வேறு ஊர்களில், வேறு பெயர்ப்பலகைகளின் கீழ் கிட்டத்தட்ட இதே முறையில் ஏமாந்திருக்கிறார்கள். அதனால் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள், பெயர் எதுவாக இருந்தாலும் உதவும்.

சேர்க்கைக்குப் போனால் முதலில் "டெக்னிக்கல் கவுன்சிலர்" என்று ஒருவர் முன்னால் உட்காரவைப்பார்கள். அவர் இன்ஜினியர் கிடையாது, ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் வாங்குகிறவர். எங்கள் அப்பா சோமனூரில் தறி ஓட்டுகிறவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏனுங்க மேடம், படிச்சு முடிச்சா வேலை கெடச்சுருமுங்களா?" அந்த அம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "நூறு சதவீதம் கெடைக்கும்ப்பா, கவலையே படாதீங்க, தம்பிய எங்க பொறுப்புல விட்ருங்க." கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது "வேலை தேட உதவி செய்யப்படும்" என்பது மட்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. இந்த விலை இன்று சாயங்காலம் வரைக்கும்தான், நாளைக்கு வந்தால் 95,000 என்று சொல்லி, வீட்டுக்குப் போய் யோசிக்கவே விடவில்லை.

அப்புறம் அந்தக் கடன். இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, நிதானமாகப் படியுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாது என்றதும், "பரவால்லப்பா, மாசா மாசம் கட்டிக்கலாம், வட்டியே கிடையாது" என்றார்கள். அப்பாவின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார்கள், செல்லுக்கு வரும் ஓடிபியை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள், டேப்பில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மையத்துக்கு நாம் தவணை கட்டப்போகிறோம் என்றுதான் அப்பா நினைத்தார். உண்மையில் அங்கே நடந்தது, ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் அவர் பெயரில் தனிநபர் கடன் எடுத்தது. நிதி நிறுவனம் முழுத் தொகையையும் மையத்துக்கு அப்போதே கொடுத்துவிடும். அதன் பிறகு வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் மையத்துக்குக் கவலை இல்லை, நீங்கள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. தவணை கட்டாமல் விட்டால் அப்பாவின் சிபில் ஸ்கோர் விழும், வசூல் ஆட்கள் போன் செய்வது அவருக்குத்தான்.

ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தருகிறவர் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு சதவீதம் செலவு என்பது அதில் இருக்கும். மனம் மாறினால் அபராதம் இல்லாமல் கடனை விட்டு வெளியேற ஒரு கால அவகாசமும் அதில் எழுதியிருக்கும். அசலையும் அந்த நாட்களுக்கு உண்டான செலவையும் கட்டினால் போதும். எங்களுக்கு அந்தத் தாளைக் காட்டவே இல்லை, பின்னால் அப்பாவின் மெயிலைத் தோண்டியபோதுதான் கிடைத்தது. அந்த மெயில் ஐடியையும் அங்கேயே, அவர்களே உருவாக்கியிருந்தார்கள்.

வகுப்புக்கு வருகிறேன். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, க்ரியோ, ஆன்சிஸ் என்று ஐந்து சாஃப்ட்வேர் சேர்த்து "மாஸ்டர் டிப்ளமா". கேட்க நன்றாக இருக்கும், ஐந்து தெரிந்தால் ஐந்து மடங்கு வேலை வாய்ப்பு என்று வீட்டிலும் நினைப்பார்கள். இந்தத் துறையில் இருக்கிறவனாகச் சொல்கிறேன், இது வெறும் வியாபார உத்தி. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, க்ரியோ மூன்றும் பார்ட் மாடலிங்கில், அதாவது பாகங்களை 3டியில் உருவாக்குவதில், செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்று, ஸ்கெட்ச் போடு, அதை உயர்த்து, வெட்டு, அசெம்பிள் செய், டிராயிங் எடு. ஒன்றை ஒழுங்காகக் கற்றவன் கம்பெனியில் உட்கார்ந்து இன்னொன்றுக்குச் சில வாரங்களில் மாறிவிடுவான். ஐந்தையும் மேலோட்டமாகத் தொட்டவனுக்கு எதுவுமே கை வராது. பாகம் பாரம் தாங்குமா என்று கணக்கிடும் ஆன்சிஸ் இன்னும் கொடுமை. கணக்குக்காகப் பாகத்தைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ் என்றால் என்ன, எங்கே நெருக்கமாகப் போட வேண்டும், எல்லை நிபந்தனைகளை (எங்கே பிடித்திருக்கிறது, எங்கே பாரம் விழுகிறது) தப்பாகக் கொடுத்தால் வரும் கலர் படத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, இதையெல்லாம் சொல்லாமல் பட்டனை அழுத்திச் சிவப்பும் நீலமுமாகப் படம் வரவைத்து "அனாலிசிஸ் முடிஞ்சுது" என்றார்கள். அந்தப் படத்தை நம்பி யாராவது ஒரு பிராக்கெட் செய்து லோடு ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

டெமோ வகுப்பு எடுத்தவர் நல்ல அனுபவசாலி. சேர்ந்த பிறகு அவரை எங்கள் பேட்ச்சில் பார்க்கவே முடியவில்லை. வந்தவர் அதற்கு முந்தைய பேட்ச்சில் படித்து, வேலை கிடைக்காமல் அங்கேயே டிரெய்னராகச் சேர்ந்த ஒரு பையன். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை, அவனும் பணம் கட்டி ஏமாந்தவன்தான். ஜெராக்ஸ் எடுத்த ஒரு பயிற்சித் தாளைக் கொடுப்பான், அதில் இருக்கும் அளவுகளைப் பார்த்து அப்படியே மாடல் போட வேண்டும், முடித்தால் அடுத்த தாள். இந்த ஓட்டைக்கு மட்டும் ஏன் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) போட்டிருக்கிறது என்று கேட்டால், "அது டிராயிங்ல அப்படித்தான் இருக்கும், நீ மாடல போடு" என்பான்.

சாஃப்ட்வேர் அத்தனையும் கிராக் பண்ணியது. இன்டர்நெட்டைத் துண்டித்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்வார்கள், வீட்டில் பயிற்சி செய்யச் சொல்லி பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் பழக்க தோஷத்தில் அந்த பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்தால் கம்பெனிக்கே நோட்டீஸ் வரலாம், உங்கள் வேலையும் போகலாம். இத்தனைக்கும் இதற்கு அவசியமே இல்லை. கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஆட்டோடெஸ்க் தன் சாஃப்ட்வேரை ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது, மாணவராக இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்தவர்கள் ஃப்யூஷனின் தனிநபர் பதிப்பை எடுக்கலாம், ஒரு நேரத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்த முடியும் என்றாலும் பழகுவதற்கு அது தாராளம். ஃப்ரீகேட் முழுக்க இலவசம், 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த பிறகு பயன்படுத்தவும் நன்றாக இருக்கிறது.

இந்தப் பாடத்தின் லட்சணம் கணபதியில் ஒரு ஸ்பெஷல் பர்பஸ் மெஷின் செய்யும் பட்டறையில் தெரிந்தது. மையம் அனுப்பிய இடம் கிடையாது, நானே தேடிப் போனது. அங்கிருந்த டிசைன் ஹெட் ஒரு பேரிங் ஹவுசிங்கின் (பேரிங்கைத் தாங்கும் கூடு) டிராயிங்கைக் கொடுத்து மாடல் போடச் சொன்னார், போட்டேன். பேரிங் உட்காரும் ஓட்டையான போருக்கு (bore) 62 எச்7 என்று அளவு இருந்தது, 62 மில்லி, எச்7 என்பது டாலரன்ஸ் குறியீடு. "மெஷினிஸ்ட் இத எவ்வளவு வரைக்கும் பெருசா போடலாம் தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. 62.000இலிருந்து 62.030 வரை, முப்பது மைக்ரான், அதைத் தாண்டினால் பேரிங்கின் வெளி வளையம் ஹவுசிங்கில் லூசாகிவிடும் என்று அவரே சொன்னார். அடுத்துத்தான் முக்கியமான விஷயம். "இது 6206 பேரிங்குக்கு. கஸ்டமர் 6207 வேணும்கறார், மாத்து" என்றார். 6206இன் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மில்லியில் 30, 62, 16. 6207க்கு 35, 72, 17. நான் 62ஐ 72 ஆக்கி, மாடலைத் திரும்பக் கட்டும் ரீபில்டு கொடுத்ததும் ஃபீச்சர் வரிசையில் ஒவ்வொன்றாகப் பிழை என்று சிவப்பு விழுந்தது. ஃபில்லெட் (விளிம்பு வளைவு) உடைந்தது, போல்ட் ஓட்டைகள் பழைய இடத்திலேயே நிற்க, பெரிதான போர் அவற்றின் ஓரத்தைத் தின்றுவிட்டது, ஒரு ஸ்கெட்ச் அப்படியே நழுவி வேறு எங்கோ போய்விட்டது.

அவர் ஒரு ஸ்கெட்ச்சைத் திறந்து காட்டினார். பாதிக் கோடுகள் நீலமாக இருந்தன. சாலிட்வொர்க்ஸில் நீலக் கோடு என்றால் அதன் அளவோ இடமோ இன்னும் கட்டுப்படவில்லை, இழுத்தால் நகரும், கறுப்பு என்றால்தான் முழுதாகக் கட்டுப்பட்டது. போல்ட் ஓட்டைகளின் வட்டத்தைப் போரின் விட்டத்தோடு ஒரு சமன்பாட்டில் இணைத்திருந்தால் போர் பெரிதாகும்போது அவையும் தானாக வெளியே நகர்ந்திருக்கும். டிசைன் ஆபீஸில் முக்கால்வாசி வேலை ஏற்கெனவே இருக்கும் மாடலை மாற்றுவதுதான், புதிதாகப் போடுவது குறைவு. மாற்றினால் உடையும் மாடலைப் போடத்தான் எனக்கு 72,000 ரூபாய்க்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டிய நீலம், கறுப்பு வித்தியாசத்தைக்கூட அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

டிராயிங் படிப்பதும் அப்படித்தான். டிராயிங்கில் பொருளின் பக்கங்களை அடுக்கிக் காட்டும் முறை நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்கக் கஸ்டமர் அனுப்பினால் தேர்ட் ஆங்கிள், டிராயிங்கின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில் இருக்கும் சின்னத்தைப் பார்க்காமல் விட்டால் இடம் வலம் மாறிப் பொருள் வரும். எம்8 (8 மில்லி) மரை வெட்ட 6.8 மில்லி டிரில், எம்8 போல்ட் சும்மா நுழைந்து போக 9 மில்லி ஓட்டை. இதெல்லாம் எந்த வேலை இடத்திலும் தினமும் தேவைப்படுகிற விஷயங்கள். பிறகு குறைந்த சம்பளத்துக்கு ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சேர்ந்து, லேத் அண்ணன்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன்.

வேலை வாங்கித் தந்தார்களா என்று கேட்பீர்கள். ஒன்று இன்சூரன்ஸ் விற்பனை, ஒன்று கால் சென்டர், இன்னொன்று பெங்களூரில் "டிசைன் கம்பெனி", ஆனால் சேர்வதற்கு 15,000 டெபாசிட். முடியாது என்றதும், மூன்று வாய்ப்பு கொடுத்தாயிற்று, ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு முடிந்தது என்று மெயில் வந்தது. கடைசியாக, அதே மையத்தில் டெலிகாலராகச் சேர்ந்து புதிய பட்டதாரிகளுக்குப் போன் போடுகிறாயா என்று கேட்டார்கள். சான்றிதழில் தங்க முத்திரை, ஹாலோகிராம், ஐஎஸ்ஓ 9001 எல்லாம் உண்டு. ஐஎஸ்ஓ 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தருவது, பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மதிப்புள்ள சான்றிதழ் வேண்டும் என்றால் சாஃப்ட்வேர் கம்பெனியே நடத்தும் தேர்வை எழுதுங்கள், சாலிட்வொர்க்ஸுக்கு சிஎஸ்டபிள்யூஏ, ஆட்டோடெஸ்க்குக்கும் அதேபோல் உண்டு. அந்தச் சான்றிதழை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இப்போது எங்கள் கம்பெனியில் புதியவர்களுக்கு டெஸ்ட் வைக்கும்போது நானும் உட்காருகிறேன். அதே முத்திரை போட்ட சான்றிதழோடு பிள்ளைகள் வருகிறார்கள், அளவை மாற்றச் சொன்னதும் அவர்கள் மாடலும் அதே மாதிரி உடைகிறது. புத்திசாலிப் பிள்ளைகள், ஆறு மாதம் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் பிரமாதமாக வருவார்கள். பணத்தையும் வாங்கிக்கொண்டு அந்த ஆறு மாதத்தையும் வீணடித்து அனுப்புகிறார்கள்.

ஆகவே எந்த மையமாக இருந்தாலும், டெமோ எடுத்தவரே பாடம் எடுப்பாரா என்று எழுதி வாங்குங்கள். சிஸ்டத்தில் லைசென்ஸ் விவரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். போன வருடம் முடித்த இரண்டு பேரின் நம்பரைக் கேளுங்கள், அதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்துத் தருகிறவர்களாக இல்லாமல் மாடிப்படியில் எதிரே வரும் பழைய மாணவரையே நிறுத்திக் கேட்பது நல்லது. ஓடிபி மட்டும் அங்கே உட்கார்ந்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற எண்ணுக்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள், சரிவராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று மையத்தில் பயமுறுத்துவார்கள். பயிற்சி மையங்கள் அந்த விலக்கில் வராது, அவற்றின் மீது வழக்குப் போடலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இலேயே சொல்லியிருக்கிறது. பயிற்சி மையங்கள் வேலை உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டு விதிகளும் வந்துவிட்டன. கடன் விஷயத்துக்கு முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, அதற்கு போன் எண் 14448.

எங்கள் பேட்ச்சில் இன்னும் சிலர் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் முடிவு வரவில்லை. ரசீது, நோட்டீஸ், கவுன்சிலர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ், எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் மனுவில் அப்பாவிடம் "நூறு சதவீதம்" என்று திரும்பவும் உறுதி கொடுத்த அந்த வாய்ஸ்தான் முதல் சாட்சி. மனுவை இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு தாமதத்துக்குக் காரணம் காட்டி ஆணையத்தை ஏற்கவைப்பது கஷ்டம்.