அப்னேர் சவுலுக்கு என்ன முறை? ஒரு சுவர் அட்டவணையைப் பற்றி

பெங்களூரு சிவாஜிநகரில் தமிழ் வேதாகமங்கள் விற்கும் ஒரு சிறிய கடையில், வேதாகம அரசர்களான சவுல், தாவீது இருவரின் குடும்பங்களையும் ஒரே தாளில் காட்டும் சுவர் அட்டவணையை 150 ரூபாய்க்கு வாங்கினேன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்துவிட்டு, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கியது அது. எழுத்து பெரிதாக இருப்பதால் பின்வரிசைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

நான் முதலில் தேடியது அப்னேரின் பெயரை. சவுலின் படைத்தலைவனாக இருந்து, சவுல் இறந்தபின் அவனுடைய மகன் இஸ்போசேத்தை அரசனாக்கி, பின்னர் தாவீதோடு உடன்படிக்கை செய்துகொண்டு, எப்ரோன் நகர வாசலில் யோவாபின் கையால் மாண்ட அவனுடைய கதை, உறவுமுறை தெரியாமல் விளங்காது. அபியேலுக்குக் கீஸ், நேர் என இரு மகன்கள். கீஸின் மகன் சவுல், நேரின் மகன் அப்னேர் என்று அட்டவணை வரைகிறது. நேரைச் சவுலின் சிறிய தகப்பன் என்று சொல்லும் நம் பழைய மொழிபெயர்ப்போடு (1 சாமுவேல் 14:50) இது ஒத்துப்போகிறது. ஆனால் எபிரேயத்தில் அங்குள்ள 'தோத்' என்னும் சொல், தகப்பனுக்கு மூத்தவரா இளையவரா என்று சொல்வதில்லை. பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்தே பழகிய தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அச்சொல் நேரைக் குறிக்கிறதா, அப்னேரையே குறிக்கிறதா என்பதும் இருவகையாகக் கொள்ளத்தக்கது. 1 நாளாகமம் 8:33-இல் நேர் கீஸைப் பெற்றான் என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், அப்னேர் கீஸின் உடன்பிறந்தவன் ஆகிவிடுகிறான். கீஸ் என்ற பெயரில் இருவர் இருந்தனர் என்று விளக்குவோரும் உண்டு. ஒரு புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருக்கலாம், போடவில்லை. "டீச்சர், நேர் கீஸுக்கு அப்பாவா, தம்பியா?" என்று நாளாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்டபோது, சுவரில் அதற்கு விடை இல்லை.

தாவீதின் பக்கம் மிக நேர்த்தி. யோவாப், அபிசாய், ஆசகேல் மூவரையும் வேதம் தாயின் பெயரால் செருயாளின் குமாரர் என்றே அழைக்கிறது. தகப்பனின் பெயர் எங்கும் இல்லை. அட்டவணையும் செருயாளைத் தாவீதின் சகோதரியாக அதே பெரிய எழுத்தில் அச்சிட்டு, அவளிடமிருந்தே மூன்று கோடுகளை இறக்கியிருக்கிறது. தாவீது யோவாபுக்குத் தாய்மாமன் என்று விரல்வைத்துக் காட்டியதும், தம்பி ஆசகேலைக் கொன்றதற்காக அப்னேரைப் பழிதீர்த்த யோவாபைத் தண்டிக்க முடியாமல், தாவீது அப்னேரின் பாடைக்குப் பின்னே அழுதுகொண்டு நடந்த காட்சி பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

இஸ்போசேத்தும் அப்னேரும் பிரியக் காரணமான, சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளும், பிற்காலத்தில் பென்யமீன் கோத்திரத் தலைவனான அப்னேரின் மகன் யாசியேலும் விடுபட்டது எனக்கு வருத்தம்.

கடையில் இதை எட்டாக மடித்துத் தருகிறார்கள். ஒரு மடிப்பு சரியாக நேரின் பெயர்மேல் விழுந்து, ஒரு மாதத்துக்குள் மை உதிர்ந்துவிட்டது. வாங்குபவர்கள் சுருட்டித் தரச் சொல்லி, அன்றே லேமினேஷன் செய்துகொள்வது நல்லது.