பத்துக்குப் பனை, ஐம்பதுக்கு யார்?

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் போன வருஷம் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சீட்டு அச்சடித்தோம். பத்து, இருபது, ஐம்பது என்று மூன்று வகை. சில்லறைத் தொல்லை இல்லாமல் எந்தக் கடையிலும் செல்லும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்து இருபது வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறவன் என்பதால் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அச்சுக்கூலி பேச அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சீட்டில் என்ன படம் போடுவது என்பதில்தான் இரண்டு மாலை போயிற்று.

ஒரு கட்சி, தலைவர்கள் முகம் வேண்டும் என்றது. இன்னொரு கட்சி, ஊர்ப் பொருளும் ஊர் இடமும் போதும் என்றது. நான் இரண்டாவது கட்சி, அதை மறைக்கப் போவதில்லை.

முகக் கட்சியிடம் பட்டியல் தயாராக இருந்தது. மார்ஷல் நேசமணி, ஜீவா, கவிமணி, கலைவாணர். எல்லோரும் நம் மாவட்டத்து மனிதர்கள். இவரை வேண்டாம் என்று யாரைப் பார்த்துச் சொல்ல முடியும்? அப்போதுதான் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், "சரி, இவங்கள்ல பத்து ரூபாயில யாரைப் போடுறது?" என்று கேட்டான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. ஐம்பதில் ஒருவர், பத்தில் ஒருவர் என்றால் அது மதிப்பெண் போடுகிற வேலை. முகம் போட்டால் சாதி பார்ப்பார்கள், கட்சி பார்ப்பார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. முச்சந்திச் சிலைகளுக்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிற நாட்டில் அதை விளக்க வேண்டியதில்லை.

நாட்டு நோட்டுகளில் இந்தத் தகராறு வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் அசோகச் சிங்கங்கள் இருந்தன. 1969-இல் நூற்றாண்டு நோட்டுகளில் சேவாகிராம ஆசிரமத்தின் முன் காந்தி உட்கார்ந்திருந்தார். 1987-இல் 500 ரூபாயில் வந்தார். 1996-இல் தொடங்கிய வரிசையில் பத்து, நூறு, ஐந்நூறு எல்லாவற்றிலும் அவர்தான். ஒரே முகம் என்றால் யார் பெரியவர் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அது எத்தனை ரூபாய் என்று சொல்லவும் முடியாது.

என் கட்சி நிற்கிற இடம் இதுதான். பணத்தில் இருக்கும் படத்துக்கு மரியாதையைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கைமாறுகிற ஒரு நொடியில், இது எவ்வளவு என்று அது சொல்ல வேண்டும். ராத்திரி எட்டரை மணிக்கு, ஒரு கையில் எண்ணெய் பாக்கெட்டை வைத்துக்கொண்டு மறு கையால் மிச்சம் கொடுப்பவனுக்கு எழுத்தை வாசிக்க நேரமில்லை. எழுத்து தெரியாத ஆச்சிக்கு எந்த நேரத்திலும் முடியாது. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் 20 என்று நினைத்து 200-ஐ நீட்டியிருக்கிறேன். நீளம் வேறு, நிறம் வேறு. இருந்தும் அவசரத்தில் கண் முதலில் பார்ப்பது காந்தியைத்தான், அவர் இரண்டிலும் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் பின்பக்கத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. பத்தில் கோனார்க், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பித் தேர், நூறில் ராணியின் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. ஆறுக்கும் ஆறு இடம், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆனால் யாரும் நோட்டைப் பின்பக்கம் பார்த்து எண்ணுவதில்லை. என் பாட்டி அந்தக் காலத்தில் 'புலி போட்ட ரெண்டு ரூபா', 'டிராக்டர் போட்ட அஞ்சு ரூபா' என்றுதான் சொல்வார். என் மகளுக்கு நோட்டு என்றால் நிறம்தான்.

நாணயத்தில் இது இன்னும் மோசம். 2007 வாக்கில் கட்டைவிரல் உயர்த்திய கை போட்ட ஒரு ரூபாய் வந்தது. இரண்டு ரூபாயில் இரண்டு விரல். படிக்காதவருக்கும் புரிகிற இதைவிட நல்ல வடிவத்தை நம் காசில் நான் பார்த்ததில்லை. 2011-இல் வரிசையை மாற்றினார்கள். புது இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், அந்தக் கட்டைவிரல் ஒரு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர். எடையும் ஒன்றுதான். இரண்டும் கல்லாவில் ஒரே குழியில் கிடக்கும்.

நினைவு நாணயங்களுக்கும் குறைவில்லை. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர் வந்தார், நூற்றாண்டுகளுக்குக் காமராஜரும் அண்ணாவும் வந்தார்கள். பார்க்கச் சந்தோஷம்தான், அண்ணா காசு ஒன்றை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் காசு என்பது எடுத்து வைப்பதற்கா, கொடுத்து வாங்குவதற்கா? பத்து ரூபாய் நாணயத்தில் பதினான்கு வடிவங்கள் புழக்கத்தில் இருப்பதாகவும் அத்தனையும் செல்லும் என்றும் 2018-இல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் 'இது செல்லாது அண்ணாச்சி' என்று திருப்பித் தருகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். வதந்தியைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான். பதினான்கு விதமாக வந்தால் சாதாரண மனுஷன் சந்தேகப்படத்தான் செய்வான்.

இந்தப் போட்டி எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர்க் காலத்தில் இங்கே சமஸ்தானக் காசு, பிரிட்டிஷ் காசு இரண்டும் புழங்கின. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் அரைச் சக்கரம் கூடக் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் காசில் ராஜா தலை, நம் காசில் சங்கு. கடைசிக் காலத்துச் சக்கரத்தில் மகாராஜா சித்திரைத் திருநாளின் முகம் ஏறியது உண்மை. ஆனால் மறுபக்கம் சங்கு இறங்கவில்லை. பாட்டியின் தகரப் பெட்டியில் இரண்டு வகையும் கிடந்தன. ஜார்ஜ் மன்னருக்கு மூக்கு தேய்ந்து, காது தேய்ந்து, இப்போது அங்கே இருப்பது யார் தலை வேண்டுமானாலும் ஆகலாம். சங்கும் தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் பெருவிரலால் தடவினால் அந்தச் சுழி இன்னும் தட்டுப்படுகிறது.

முகத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கள்ள நோட்டில் கட்டடம் லேசாகக் கோணியிருந்தால் நமக்குத் தெரியாது, முகம் லேசாகக் கோணினால் உடனே உறுத்தும். உலகம் முழுக்க நோட்டில் முகம் போடுவதற்கு அது முக்கியக் காரணம். எங்கள் சீட்டைக் கள்ளத்தனமாக அச்சடித்து யாரும் பணக்காரராகப் போவதில்லை என்பதால் இதை நான் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் முகமே இல்லாமலும் ஒரு நாடு சமாளிக்கிறது. நார்வேயின் இப்போதைய நோட்டுகள் முழுக்கக் கடல்தான்: கலங்கரை விளக்கம், கப்பல், அலை. 200 குரோனரில் காட் மீன். குளச்சல்காரர் ஒருவரிடம் சொன்னேன். "நம்ம நோட்டுல நெய்மீனு போட்டா ஐந்நூறுக்குக் கீழ வைக்கக் கூடாது" என்றார். மீனிலும் பெரியது சின்னது வந்துவிடும்போல.

சரி, எங்கள் சீட்டுக்கு வருகிறேன். பத்துக்குப் பனை, இருபதுக்கு மட்டி வாழைக் குலை, ஐம்பதுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் என்று முடிவாயிற்று. விழாவன்று சாயங்காலம் ஒரு ஆச்சி மேசைக்கு வந்து, "மக்கா, ரெண்டு பனையும் ஒரு குலையும் தா" என்று நாற்பது ரூபாயை நீட்டினார். எனக்கு அங்கேயே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

தோல்வியும் உண்டு. பாலத்துக்கு 28 தூண்கள், படம் வரைந்தவர் ஒன்று விடாமல் வரைந்துவிட்டார். சின்னச் சீட்டில் அது பல் நெருக்கமான சீப்பு மாதிரி தெரிந்தது. ராத்திரி முடிவதற்குள் ஐம்பது ரூபாய்ச் சீட்டுக்குச் சீப்பு என்றே பெயர் வந்துவிட்டது. பாலத்தை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் நொந்துபோனார். என் கணக்கில் அதுவும் வெற்றிதான், சீப்பை எவரும் பனை என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் நூறு ரூபாய்ச் சீட்டும் வேண்டுமாம். முகக் கட்சி கன்னியாகுமரி வள்ளுவர் சிலை என்கிறது. அது முகமா, இடமா? 133 அடிச் சிலை, 2000 ஜனவரி 1 முதல் கடலில் நிற்கிறது. அவர் எப்படி இருந்தார் என்று பார்த்தவர் எவருமில்லை, அதனால் ஜாடை சரியில்லை என்று சண்டைக்கு வர ஆளில்லை. ஒத்துக்கொண்டேன். ஆனால் படகில் போகும்போது தெரிகிற மாதிரி, பாறையும் அலையும் சேர்த்து, தூரத்திலிருந்து வரையச் சொல்லியிருக்கிறேன்.