"பின் பொருந்துதுல்ல சார்?": 450 ரூபாய் கேபிளும் செத்துப்போன கேமரா போர்ட்டும்

பழைய ஹேண்டிகேமை வெப்கேமாக மாற்றலாம் என்று கிளம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் ஃபயர்வயர் (பழைய வீடியோ கேமராக்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற வழி) என்று ஒரு கேபிளைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கேமராவில் சொருகாதீர்கள். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். மீதி என் வயிற்றெரிச்சல்.

என் மனைவி வீணை சொல்லிக்கொடுக்கிறாள். மாணவிகளில் பாதிப் பேர் நியூஜெர்சியிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். லேப்டாப் மூடியில் இருக்கும் கேமராவில் டீச்சர் முகம் தெரியும், கை தெரியாது. வீணை வகுப்பில் முகம் யாருக்கு வேண்டும்? இடது கை விரல் எந்த மெட்டில் நின்று தந்தியை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால்தான் கமகம் பிடிபடும். "டீச்சர், இன்னும் கொஞ்சம் கீழே காட்டுங்க" என்று ஒரு பெண் ஒரே வகுப்பில் ஆறு முறை கேட்டாள். லேப்டாப்பை மடக்கி, அடியில் புத்தகம் வைத்து, சாய்த்து, அது வீணைக் குடத்தின் மேலேயே விழுந்தும் ஆயிற்று.

அலமாரியில் 2006-ல் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த சோனி ஹேண்டிகேம் தூங்கிக்கொண்டிருந்தது. மினி டிவி கேசட் போடுகிற வகை (இந்த டிவி தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ). ஸ்டாண்டில் நிறுத்தி ஜூம் செய்தால், விரல் நகம் வரை தெரிகிறது. படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது மட்டும்தான் பாக்கி.

கேமராவிலேயே யுஎஸ்பி ஓட்டை உண்டு, மெனுவில் 'யுஎஸ்பி ஸ்ட்ரீம்' என்று ஒரு வரியும் உண்டு. சந்தோஷமாகச் சொருகினால் விண்டோஸ் 11 'தெரியாத சாதனம்' என்று கைவிரித்துவிட்டது. அதற்கான டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தோடு போயிற்று. மெமரி கார்டு போடுகிற பிந்தைய ஹேண்டிகேம்களிலும் பெரும்பாலும் யுஎஸ்பியை நம்பி இறங்காதீர்கள். அதில் கேமரா ஒரு பென்டிரைவாகத்தான் தெரியும். எடுத்த வீடியோக்களை நகலெடுக்கலாம், நேரலைப் படம் வராது.

மிச்சம் இருந்தது ஃபயர்வயர் போர்ட். ஐ.லிங்க் என்று எழுதிய, நாலு பின் வைத்த குட்டி ஓட்டை. 2007-ல் ஒரு ஸ்டுடியோக்காரர் அந்த வழியாகத்தான் எங்கள் கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடி போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அது ஒழுங்காக வேலை செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுன்ட் ரோட்டில் இறங்கி நரசிங்கபுரம் தெரு வழியாக நுழைந்தால், பத்தடிக்கு ஒருவர் "என்ன சார் வேணும்?" என்று கையைப் பிடிக்காத குறை. நாலாவது கடையில் ஒரு பையன் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தான்.

"சார், இந்தப் பக்கம் யுஎஸ்பி. இந்தப் பக்கம் உங்க கேமரா. அவ்ளோதான்."

"லேப்டாப்ல ஃபயர்வயர் இல்லையேப்பா, வெறும் கேபிள் எப்படி..."

"பின் பொருந்துதுல்ல சார்?" சொருகியே காட்டினான். அழகாகப் பொருந்தியது. "டெய்லி பத்து போவுது சார்."

450 ரூபாய். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில்னா பதினெட்டு பர்சென்ட் சேரும் சார், வேணுமா?" என்றான். 81 ரூபாயை மிச்சம் பிடித்த புத்திசாலி நான். 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் 'கேபிள் 1 – 450' என்று எழுதிக் கொடுத்தான். கடைப் பெயர்கூட அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து சொருகினேன். ஒன்றுமில்லை. கேமராவை அணைத்து ஏற்றி, லேப்டாப்பின் வேறு ஓட்டையில் போட்டு, கவருக்குள் இருந்த சிடியில் ஏதோ தேடி, இரவு பதினொன்றரை வரை போராடினேன். ஒரு கட்டத்தில் கேமரா போர்ட் பக்கம் லேசாகச் சூடு தெரிந்தது. அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும். டிரைவர் பிரச்சினை என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் எங்கள் தெரு டிவி மெக்கானிக்கிடம் (இது தொலைக்காட்சிதான்) காட்டினேன். அவர் பேசவே இல்லை. பிளேடை எடுத்து யுஎஸ்பி முனையின் ரப்பரைச் சீவினார். உள்ளே நாலு கம்பி மட்டும். சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. ஒரு சிப் இல்லை, ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சிவப்பில் வைத்து, மறுமுனையால் கேமராப் பக்கத்துப் பின்களைத் தொட்டார். மூன்றாவது பின்னில் 'பீப்' என்றது.

"யுஎஸ்பில சிவப்புங்கிறது அஞ்சு வோல்ட் சார். உங்க கேமராவுல அந்த நாலு பின்னுமே சிக்னல். கரன்ட்டே போகக் கூடாத இடத்துல கரன்ட் விட்டிருக்கீங்க."

அவர் சொன்னதைப் பிறகு நானும் படித்துப் பார்த்தேன். யுஎஸ்பியில் நாலு கம்பி என்றால் இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. நாலு பின் ஃபயர்வயரில் மின்சாரமே கிடையாது, இரண்டு ஜோடித் தகவல் கம்பிகள் மட்டும். இரண்டும் பேசும் முறையும் வேறு. யுஎஸ்பியில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். ஃபயர்வயரில் கேமரா நொடிக்கு சுமார் 25 மெகாபிட் வீடியோவைத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் இல்லாமல், வெறும் செம்புக் கம்பியை நீட்டி இந்த இரண்டையும் பேசவைக்கவே முடியாது. ஃபயர்வயர் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், இல்லையென்றால் அந்த வழியை மறந்துவிட வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனேன். பையன் என்னைத் தெரியாதவன் மாதிரிப் பார்த்தான். கல்லாவில் ஓனர்.

"கட் பண்ணிட்டு வந்து வேலை செய்யலன்னா எப்படி சார்?"

"கட் பண்றதுக்கு முன்னாடியும் வேலை செய்யலைங்க."

"உங்க லேப்டாப்புல டிரைவர் பிராப்ளம். விற்ற பொருள் வாபஸ் கிடையாது, போர்டு பாருங்க."

போர்டு இருந்தது, அவர் தலைக்கு மேலேயே. அந்தப் போர்டுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. 5 லட்சம் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. எல்லாம் சரி, எந்தக் கடை என்று காட்ட என் கையில் என்ன இருக்கிறது? 'கேபிள் 1 – 450'. அந்தப் 81 ரூபாயைக் கட்டித் தொலையுங்கள்.

இதற்கு நடுவே எதிர்வீட்டுக்காரர் தன் புது ஹேண்டிகேமை ஒரு வாரம் கொடுத்தார், எச்டிஎம்ஐ (இப்போதைய டிவிகளில் சொருகுகிற ஓட்டை) உள்ளது. ஆன்லைனில் '4கே, யுஎஸ்பி 3.0' என்று போட்ட கேப்சர் ஸ்டிக் (கேமரா படத்தை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் குட்டிச் சாதனம்) வாங்கினேன். முனையில் நீல பிளாஸ்டிக்கெல்லாம் இருந்தது. உள்ளே யுஎஸ்பி 2.0. 1080 (முழு எச்டி) படத்தை நொடிக்கு 30 பிரேம் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு சுமார் 1,000 மெகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0-இன் உச்சமே 480. அதனால் படத்தைக் கசக்கித்தான் அனுப்புகிறது. இதுவும் ஏமாற்றுதான், ஆனால் உபயோகப்படுகிற ஏமாற்று. ஜூம் வீடியோ அழைப்பில் படம் பளிச்சென்று வந்தது. ஒன்று, கேமரா மெனுவில் பேட்டரிக் குறி, நேரம் எல்லாம் எச்டிஎம்ஐ வழியாகப் போகாமல் அணைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் வகுப்பு முழுக்க அந்தக் குறிகள் வீணை மேல் மிதக்கும்.

எங்கள் கிழட்டுக் கேமராவில் கடைசியில் வேலை செய்தது மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி கேபிள்தான், ஒரு சாதா யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கோடு. இந்தத் தடவை கடையிலேயே என் லேப்டாப்பில் படம் வந்த பிறகுதான் பணம் எடுத்தேன், பில்லோடு. 720க்கு 576 புள்ளிகள்தான். கை வேகமாகப் போனால் விரல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழுந்தது. ஓபிஎஸ் என்ற இலவச வீடியோ மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்பதில் 'யாடிஃப்' வைத்ததும் போயிற்று. கேசட்டை உள்ளே வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கேமரா தானே அணைந்துவிடும், எடுத்துவிட வேண்டும். எடுத்தால் கொஞ்ச நேரத்தில் டெமோ ஓட ஆரம்பிக்கும், அதை மெனுவில் அணைக்க வேண்டும். பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் போடுங்கள். நியூஜெர்சிப் பெண் இப்போது கீழே காட்டச் சொல்வதில்லை.

ஆனால் ஃபயர்வயர் போர்ட் போய்விட்டது. நண்பன் அலுவலகத்தில் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. சரியான கேபிளோடு போய்ப் பார்த்தோம், கேமரா இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அவனுடைய கேமராவைச் சொருகினால் உடனே தெரிகிறது. அது அமெரிக்காவில் வாங்கியது, அந்த ஊர் வீடியோ முறையான என்டிஎஸ்சி. எங்களுடையது இந்த ஊர் முறையான 'பால்' (PAL), அந்தக் கேசட் அதில் ஓடாது. எங்களிடம் பதினொரு கேசட் பாக்கி. ஒன்றின் மேல் மனைவியின் கையெழுத்தில் 'பாப்பா நடை, மொட்டை மாடி' என்று இருக்கிறது. ஏவி வழியாக எடுக்கலாம்தான், ஆனால் கேசட்டில் இருக்கிற தரத்தில் அப்படியே வராது.

சென்னையில் யாரிடமாவது ஓடுகிற நிலையில் 'பால்' மினி டிவி கேமரா இருந்தால் சொல்லுங்கள், இரண்டு நாள் வாடகைக்குப் போதும். கேபிள் நான் கொண்டுவருகிறேன், இரண்டு முனையிலும் ஃபயர்வயர்.