தம்பிக்குக் கடற்கரைக் காணி: யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு அலுவலகம் எப்படி?

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று தொலைபேசிக்கு. அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்கள். குறையும் எழுதப்போவதால் அலுவலகத்தின் பெயரை இங்கே போடவில்லை. யாழ் நகரில் இருக்கிறது, நடத்துபவர் சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும் (காணிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) ஆன ஒரு இளம் பெண். காணி வாங்க முன்னர் உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களைத் தோண்டிப் பார்த்து அறிக்கை தருகிற வேலைக்காகத்தான் போனேன்.

விசயம் இதுதான். தம்பி கனடாக் குடியுரிமை எடுத்துக் கனகாலம். வடமராட்சி கிழக்கில் கடலோடு ஒட்டிய மூன்று பரப்பு (எங்கள் ஊர்க் காணி அளவு) துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, வாங்கினால் அதைத்தான் வாங்குவேன் என்று நிற்கிறான். தரகர் சொன்ன வழி சுலபம்: "அக்காவின் பெயரில் எழுதுவம், பிறகு பார்ப்பம்." அந்த அக்கா நான்தான்.

சட்டத்தரணி முதலில் கேட்டது காணியைப் பற்றி அல்ல. "ரீச்சர், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை இப்ப இருக்கா?" இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இங்கத்தையது தானாகப் போய்விடும், இரட்டைக் குடியுரிமைக்கு அவன் விண்ணப்பிக்கவே இல்லை. அப்படியென்றால் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிற 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி அவன் வெளிநாட்டவன். இந்த மண்ணில் பிறந்தவன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. விலைக்கு வாங்கி அவன் பெயரில் உறுதி முடித்தால் அதற்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. ஐம்பது வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள, பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பனிக்கும் இதே கதிதான், ஆகவே கம்பனி பதிந்து வாங்கலாம் என்ற யோசனையும் சரிவராது.

என் பெயரில் எழுதினால்? அதை அவர் விளக்கிய விதத்துக்கே கொடுத்த காசு சரி. உறுதியில் என் பெயர் என்றால் காணி என்னுடையது. நான் கண்ணை மூடினால் என் பிள்ளைகளுக்குப் போகும், தம்பிக்கு அல்ல. நான் கலியாணம் கட்டியவள், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவள். பிறகு அவனுக்காக விற்க நினைத்தாலும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவரின் சம்மதம் வேண்டும். காசு என்னுடையது என்று தம்பி வழக்குப் போடலாம். ஆனால் தடையைச் சுற்றிப் போகத்தான் இப்படிச் செய்தோம் என்று மன்றில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

நேரான வழிகளையும் எழுதித் தந்தார். இரட்டைக் குடியுரிமை எடுத்தால் தடை இல்லை. குத்தகை என்றால் 99 வருடம் வரை. மாடிவீடு என்றால் முழுப்பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். (வடமராட்சி கிழக்கில் மாடிவீட்டுக்கு எங்கே போவது!) நெருங்கிய உரித்தாளருக்கு நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ முதுசமாகவோ வருகிற காணிக்கும் விலக்கு உண்டு. எங்கள் அம்மாவின் வளவு அவனுக்கு வருவதில் சிக்கல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் காணிப் பதிவகத் தேடுதல். இதற்குத்தான் நாள் எடுத்தது, அலுவலகமும் இடையில் ஒரு தகவல் சொல்லவில்லை, நானே போய்ப் போய்க் கேட்டேன். ஆனால் வந்த அறிக்கை பெறுமதியானது. தரகர் காட்டியது கதியால் போட்டு அடைத்த மூன்று பரப்பு. உறுதியின் அட்டவணையில் இருப்பதோ பன்னிரண்டு பரப்பில் பிரிபடாத நாலில் ஒரு பங்கு, அதாவது எந்தத் துண்டு யாருடையது என்று இன்னும் பிரிக்கவில்லை. சட்டத்தரணி பேனா முனையை அந்த வரியில் வைத்து, "பிரிபடாத என்ற சொல்லைப் பாருங்கோ ரீச்சர், இந்த வேலி எந்தச் சேவையர் படத்திலும் இல்லை" என்றார். மற்றப் பங்காளிகள் பாரிசிலும் லண்டனிலும். 1947 ஆம் ஆண்டுத் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டப்படி வெளியாளுக்கு விற்க முன்னர் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுத்ததாக ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

காணிக்குள் மீன்பிடி வாடி ஒன்றும் நிற்கிறது. அதைத் தரகர் "சும்மா ஒரு கொட்டில்" என்றார். யார் போட்டது, எவ்வளவு காலமாக, யாரின் அனுமதியில் என்று கேட்டு வரச் சொன்னார் சட்டத்தரணி. பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிரிடையாக ஆண்டால் ஆட்சியுரிமை கோர 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகள் பல இப்படித்தான் வழக்குக்குப் போகின்றன.

கடலோரம் என்பதால் இன்னொன்று. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வீடோ விடுதியோ கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. எங்கள் துண்டு முழுவதும் அதற்குள்தான். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோரச் சொல்லி, கோராவிட்டால் அரச காணியாகும் என்று வந்த வர்த்தமானியை, பிறகு அது மீளப்பெறப்பட்டாலும், அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். உறுதியையும் படத்தையும் ஒழுங்காக வைத்திருக்கச் சொல்வதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

குறைகள்: இருக்க மூன்று கதிரைதான், நிற்க வேண்டிவரும். சேவையரை நீங்களே பிடிக்க வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது, தமிழில் கேட்டதற்கு வாயால்தான் விளக்கினார். கட்டணத்தில் ஒளிவுமறைவு இல்லை, தேடுதலுக்கு வேறு, உறுதிக்கு வேறு என்று முதலே எழுதித் தந்தார். எங்களை வாங்க வேண்டாம் என்று சொன்னதால் உறுதி எழுதுகிற கூலி அவருக்குக் கிடைக்கவில்லை, அதையும் கணக்கில் எடுங்கள்.

தம்பி கோபித்தான், பிறகு இரட்டைக் குடியுரிமைப் படிவத்தை நிரப்பத் தொடங்கினான். தரகர் இன்னும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். போகிறவர்கள் உறுதி நகல், முன் உறுதிகள், சேவையர் படம், வாங்குபவரின் கடவுச்சீட்டுப் பிரதி எல்லாவற்றையும் கொண்டு காலை வேளையில் நேரே போங்கள். பின்னேரம் அவர் நீதிமன்றத்தால் வந்த களைப்பில் இருப்பார்.