எங்க ஊர் நகராட்சி வெப்சைட்: கண் தெரியாத நான் சொத்து வரி கட்டிப் பாத்தேன்

போன அக்டோபர்ல எங்க வீட்டு சொத்து வரிய முதல் தடவையா நானே கட்டினேன். வீடு என் பேருக்கு மாறி 11 வருஷம் ஆச்சு, அத்தனை வருஷமும் பக்கத்து வீட்டு தம்பிதான் கட்டிக் குடுப்பான், தங்கமான பையன்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் கார்டை அவன் கையில குடுத்து ஓடிபி வந்ததும் நம்பரை சத்தமா படிச்சு சொல்லணும், பேங்க்ல வேலை பாக்குற எனக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு தினமும் கஸ்டமருக்கு சொல்றவன் நான்.

எனக்கு பார்வை சுத்தமா கிடையாது. லேப்டாப்ல என்விடிஏ, போன்ல அதே மாதிரி படிச்சுக் காட்டுற டாக்பேக். என்விடிஏ தெரியாதவங்களுக்கு: ஸ்கிரீன்ல இருக்கிறத குரல்ல படிக்கிற இலவச சாஃப்ட்வேர், இந்த வகைக்கு ஸ்கிரீன் ரீடர்னு பேர், ஆஸ்திரேலியாவுல கண் தெரியாத ரெண்டு பசங்க 2006ல ஆரம்பிச்சது. மவுஸ் கிடையாது, எல்லாம் கீபோர்டுதான்.

முதல்ல பழைய சைட் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடுறேன், அப்பதான் மாறினது புரியும். மேல எழுத்தை பெருசாக்க சின்னதாக்க பட்டன், கருப்பு பேக்ரவுண்டு பட்டன், கூடவே 'ஸ்கிரீன் ரீடர் அக்சஸ்'னு ஒரு பக்கம். அந்தப் பக்கம் நிறைய அரசு சைட்டுல உண்டு, உள்ள ஸ்கிரீன் ரீடர் பேரா ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல விண்டோ ஐஸ்னு ஒண்ணு, 2017லயே நிறுத்தியாச்சு. அந்தப் பக்கத்தை படிக்கிற நிலையில இருக்கிறவன் ஏற்கனவே ஸ்கிரீன் ரீடரோடதான் வந்திருப்பான், அவனுக்கு வேண்டியது வரி கட்டுற பக்கம் வேலை செய்யணும்ங்கிறது மட்டும்தான்.

அங்கதான் எல்லாம் மாட்டும். நாலு பெட்டி இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீபோர்டுல டேப் கீ அடிச்சா என்விடிஏ "எடிட் பிளாங்க்", "எடிட் பிளாங்க்"னு மட்டும் சொல்லும். பாக்குறவங்களுக்கு பெட்டி பக்கத்துல 'வரிவிதிப்பு எண்', 'மொபைல் எண்'னு எழுதியிருக்கிறது தெரியும், ஆனா அந்த எழுத்தும் பெட்டியும் சைட்டோட புரோகிராம் கோடுல ஒண்ணோட ஒண்ணு சேர்க்கப்படல, அதனால எனக்கு நாலும் ஒரே மாதிரி வெத்துப் பெட்டி. எப்படியோ குத்துமதிப்பா நிரப்பிட்டு போனா கடைசியில கேப்சா. படத்துல இருக்கிற எழுத்தை அடிக்கணும், ஆடியோ கிடையாது, "கிராஃபிக்"னு சொல்லிட்டு ஒரு நீள நம்பரை படிக்கும், அவ்வளவுதான், நின்னுட்டேன். தம்பிய கூப்பிட்டு அவன் மாடியிலேர்ந்து இறங்கி வர்றதுக்குள்ள செஷன் முடிஞ்சு போயிருக்கும், மறுபடியும் முதல்லேர்ந்து.

நேர்ல போய் கட்டலாமேன்னு கேக்குறவங்களுக்கு: வரி கவுண்டர் மாடியில, லிஃப்ட் இல்ல. வீல்சேர்ல வர்ற என் ஃப்ரெண்டு கீழயே உக்காந்து யாரையாவது கெஞ்சணும். அவருக்கு வெப்சைட்டுதான் நகராட்சியோட வாசல்.

2025 ஏப்ரல் 30ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் கண் தெரியாத ஒருத்தரும் கேஒய்சி, அதாவது பேங்க் மாதிரி இடத்துல கேக்குற அடையாள சரிபார்ப்பு, பண்ண முடியலன்னு போட்ட வழக்கு. டிஜிட்டல் சேவை எல்லாருக்கும் எட்டுறது அரசியல் சட்டத்தோட 21வது பிரிவு சொல்ற உயிர் வாழும் உரிமைக்குள்ளயே வருதுன்னு சொல்லிட்டாங்க. அத படிக்க கேட்டப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. அடுத்த மாசமே நகராட்சிக்கு மனு எழுதினேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும், 2017 விதிகள் வந்து 2 வருஷத்துக்குள்ள சேவைய எல்லாம் அணுகுற மாதிரி மாத்தணும்னு அந்த சட்டத்துல இருக்கிறதையும், அரசு சைட்டுக்குன்னே மத்திய அரசு 2009லேர்ந்து போட்டு வர்ற ஜிஐஜிடபிள்யூ வழிகாட்டியையும் குறிச்சேன். தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படியே மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேருன்னும் சேர்த்தேன்.

பதில் வராதுன்னு நினைச்சேன், வந்துச்சு. கம்ப்யூட்டர் செக்ஷன் மேடம் போன் பண்ணி, "சார், மனுவ படிச்சோம், ஆனா நீங்க சொல்றது எங்களுக்கு சரியா பிடிபடல, ஒருநாள் வந்து எங்க முன்னாடி யூஸ் பண்ணி காட்டுறீங்களா"ன்னாங்க. போனேன். சைட் பண்ணிக் குடுக்கிற கம்பெனிலேர்ந்து ஒரு பையனும் வந்திருந்தான். ஸ்பீக்கர்ல வச்சு, குரலோட வேகத்தையும் குறைச்சு, டேப் அடிக்க ஆரம்பிச்சேன். எடிட் பிளாங்க். எடிட் பிளாங்க். ரூம்ல யாரும் பேசல.

"அண்ணா, இப்ப எந்தப் பெட்டியில இருக்கீங்க?"

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன், எந்தப் பெட்டின்னு எனக்கு எப்படி தெரியும்?"

அவன் அங்கயே லேப்டாப்பை திறந்து, ஏதோ தட்டி, "இப்ப பாருங்கண்ணா"ன்னான். டேப் அடிச்சேன். "வரிவிதிப்பு எண், எடிட்". ரெண்டு நிமிஷம் கூட ஆகல. பல வருஷ கஷ்டத்துக்கு மருந்து ஒரே ஒரு லைன் புரோகிராம் கோடுதான்னு அன்னைக்குதான் அவனுக்கும் தெரிஞ்சிருக்கணும், "இத யாருமே எங்களுக்கு சொல்லலண்ணா"ன்னு மெதுவா சொன்னான்.

சரி, புது சைட்டுக்கு வர்றேன். செப்டம்பர்ல மாத்தினாங்க. எல்லா பெட்டிக்கும் பேர் இருக்கு. கேப்சாவ தூக்கிட்டு மொபைலுக்கு ஓடிபி வச்சுட்டாங்க. தப்பா நிரப்பினா முன்னெல்லாம் பெட்டி ஓரம் சிவப்பா மாறுமாம், எனக்கு ஒண்ணுமே தெரியாது, இப்ப "மொபைல் எண்ணில் 10 இலக்கம் வேண்டும்"னு குரல் வருது, கர்சரும் அந்தப் பெட்டிக்கே போய் நிக்குது. ஹெச் கீய அழுத்தினா தலைப்பு தலைப்பா தாவ முடியுது. அக்டோபர் மாசத்துக்குள்ள கட்டினா கிடைக்கிற 5 சதவீத தள்ளுபடியோட கட்டி முடிச்சேன், மொத்தம் 7 நிமிஷம், ஓடிபி என் காதுக்கு மட்டும். ரசீதும் தெளிவா படிக்குது.

இதுல நான் எதிர்பாக்காத ஒண்ணு. இன்னொரு ஃப்ரெண்டுக்கு கண்ணு நல்லா தெரியும், கை நடுங்கும், அந்த சின்ன டிக் பெட்டிய மவுஸால பிடிக்கவே முடியாது. பெட்டியையும் எழுத்தையும் கோடுல சேர்த்ததால இப்ப எழுத்து மேல கிளிக் பண்ணாலே டிக் விழுதாம். எனக்காக செஞ்சது அவருக்கும் உதவுது.

இனி குறைகள். பெரிய குறை பிடிஎஃப்தான். மன்றத் தீர்மானம், டெண்டர், வார்டு அறிவிப்பு எல்லாம் பேப்பரை ஸ்கேன் பண்ணி போட்ட படம், என்விடிஏ ஒரு எழுத்து கூட படிக்காது. சிலது டைப் பண்ணினதுதான், ஆனா பழைய பாமினி ஃபான்ட்ல. பாமினியில 'தமிழ்நாடு'ன்னு கண்ணுக்கு தெரியிறது உள்ளுக்குள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்து, எனக்கு எழுத்தெழுத்தா கேட்டா "ஜே, கே, பி, ஓ, செமிகோலன், ஈ, ஹெச், எல்"னு வருது. எல்லா கம்ப்யூட்டரும் தமிழை தமிழாவே புரிஞ்சுக்கிற யூனிகோடை தமிழ்நாடு அரசு 2010லயே ஏத்துக்கிச்சு, இன்னும் ஆபீஸ்ல பழைய ஃபான்ட்லயே அடிக்கிறாங்க. எங்க தெருவுல பாதாள சாக்கடை எப்ப தோண்டப் போறாங்கன்னு அந்தத் தீர்மானத்துலதான் இருக்கு, கண் தெரியாதவன் குழியில விழறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் அது.

அடுத்து புகார் பக்கம். தெருவிளக்கு எரியலன்னா மேப்ல இடத்தை தொட்டுக் காட்டணுமாம், கீபோர்டுல முடியாது, தெரு பேரை எழுத ஒரு பெட்டி வச்சா போதும். அவசர புகாருக்கு போன் நம்பர் மட்டும் குடுத்திருக்காங்க, காது கேக்காதவங்க என்ன பண்ணுவாங்க? வாட்ஸ்அப்போ எஸ்எம்எஸ்ஸோ வேணும். பணம் கட்டுற பக்கத்துல நேரம் முடியப் போகுதுன்னு வர்ற எச்சரிக்கையும் குரல்ல வரல, நான் வேகமா கேட்டுப் பழகினவன், புதுசா கத்துக்கிறவங்க மாட்டிப்பாங்க.

வரி கட்டுறதுக்கு 5க்கு 4.5 குடுப்பேன், புகார் பக்கத்துக்கு 2, பிடிஎஃப்புக்கு ஒண்ணும் குடுக்க மனசு வரல. பிறப்புச் சான்றிதழ் பக்கம் இன்னும் போய்ப் பாக்கல.

உங்க ஊர் சைட்டுலயும் இதே நிலைமைன்னா மனுவுல "வெப்சைட் வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதாதீங்க, எந்தப் பக்கம், எத்தனாவது பெட்டி, டேப் அடிச்சா என்ன குரல் வருதுன்னு அப்படியே எழுதுங்க, முடிஞ்சா அந்தக் குரலை ரெக்கார்டு பண்ணி சேர்த்து அனுப்புங்க. நான் குடுத்த மனு வேணும்னா கேளுங்க, அனுப்புறேன், ஊர் பேரை மட்டும் மாத்திக்கலாம்.