எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரை விடுங்க, இரும்பில் இருக்கும் செசி நம்பரைப் பாருங்க

ஹட்டன், தலவாக்கலை பக்கம் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தேடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. அண்மையில் ஒருவர் ஏமாந்த விதம் இதுதான். விற்றவர் வண்டியின் பதிவுப் புக்கைக் காட்டினார், சீட்டுக்கடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் காட்டினார். இரண்டிலும் ஒரே இலக்கம். ஓபன் பேப்பரில் (வாங்குபவர் பெயர் எழுதாத விற்பனைப் பத்திரம்) கையெழுத்து வைத்து காசும் கைமாறிவிட்டது. பெயர் மாற்றுவதற்காக ஃபுட்போர்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, இரும்பில் அடித்திருந்த இலக்கமே வேறு. விற்றவரின் ஃபோன் ஓஃப்.

ஸ்டிக்கரை எந்தப் பிரிண்டிங் கடையிலும் அடிக்கலாம். செசி நம்பர் என்பது பிரேமில் குத்தியிருப்பது மட்டும்தான்.

மொடலுக்கு மொடல் இடம் மாறும். முதலில் ஹேண்டில் இறங்கும் குழாயைப் பாருங்கள். முன் கவரில் சின்ன மூடி இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும். இல்லையென்றால் கால் வைக்கும் ரப்பர் மெட்டைத் தூக்குங்கள். அடியில் ஸ்குரூ போட்ட தகடு இருக்கலாம். அங்கேயும் இல்லையா, சீட்டுப் பெட்டியைக் கழற்றி உள்ளே போகும் குழாய்களைப் பாருங்கள். ஸ்டார் ஸ்குரூ டிரைவரும் 10 ஸ்பெனரும் பெரும்பாலும் போதும். கவரில் கை வைக்க முன் சாவியையும் பெட்டரி பிரேக்கரையும் ஓஃப் செய்யுங்கள்.

நம்ம ஊர் மழைக்கும் தோட்டத்துச் சேற்றுக்கும் இலக்கம் துருவுக்குள் ஒளிந்துகொள்ளும். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம்: எழுத்து தேயும், பிறகு நீங்களே இலக்கத்தை அழித்ததுபோல் தெரியும். துடைத்த இடத்தில் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே ஏறும். அதைப் புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசி நாலை மட்டும் பார்ப்பதுதான் பலர் விடும் பிழை.

முழு இலக்கம் 17 எழுத்து என்றால் அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ (I, O, Q) வராது. வட்டமாக இருப்பது பூச்சியம்தான். சீனத் தயாரிப்பு 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும். 10வது எழுத்து வழக்கமாக மொடல் வருடம்: எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023, ஆர் 2024. '2023 வண்டி' என்று விலை சொல்கிறவரிடம் அந்த இடத்தில் எல் இருந்தால் காரணம் கேளுங்கள். சின்ன வண்டிகள் சிலவற்றில் 17 இருக்காது. அதற்காகவே கள்ள வண்டி என்று சொல்லிவிட முடியாது.

எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று சாய்ந்து ஒன்று ஆழமாக இருந்தாலும், அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட்டோ பட்டியோ கிரைண்டர் கீறலோ தெரிந்தாலும் காசை வெளியே எடுக்காதீர்கள்.

மோட்டார் நம்பர் பெரும்பாலும் பின் சக்கரத்து ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி), அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். அதே இடத்தில் 60 வோல்ட், 72 வோல்ட், வொட் கணக்கும் இருக்கும். அதை நம்பர் என்று எழுதி வருகிறவர்களும் உண்டு. மலையேறி மலையேறி உள்ளே இருக்கும் வைண்டிங் (கம்பிச் சுருள்) எரிந்து மோட்டார் மாற்றிய வண்டி இங்கே சாதாரணம். அப்போது புக்கில் உள்ள மோட்டார் நம்பர் பொருந்தாது. களவு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், ஆனால் புது மோட்டார் வாங்கிய பில்லைக் கேளுங்கள். செசி நம்பருக்கு இந்தச் சலுகை கிடையாது. பெட்டரி, கொன்ட்ரோலரில் இருக்கும் இலக்கங்கள் அந்தந்தப் பாகத்துக்கு உரியவை.

ஃபோனில் அனுப்பும் படம் வேறு வண்டியுடையதாக இருக்கலாம். நேரில் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்க முன் பதிவு இலக்கத்தை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், புக்கில் உள்ளபடி இலக்கத்தை 'அடித்துத் தருகிறேன்' என்று சொல்லும் கராஜ் பக்கம் போகாதீர்கள். அடித்தால் குற்றவாளி நீங்கள். வண்டியை அப்படியே வைத்து, காசு கொடுத்த ரசீது, மெசேஜ், ஓபன் பேப்பர் எல்லாவற்றோடும் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.