என்ன புதினம்? ஆங்கிலம் கதைத்துப் பழக எந்தச் செய்தி வாய்க்கும்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் காலையில் பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் வேறு, சனிக்கிழமை பின்னேரம் வருகிறவர்கள் வேறு. பின்னேரம் வருகிற எட்டுப் பேருக்கும் ஒரே நோக்கம்: ஒரு மணித்தியாலம் நாட்டு நடப்பை ஆங்கிலத்தில் கதைத்துப் பழகுவது. வாத்தியார் என்று ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒருவர் பிழை திருத்துவார். ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலச் சோதனைக்கு நிற்கும் இரண்டு பிள்ளைகள், வங்கியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்யும் அண்ணை, குருநகரில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா, கடை வைத்திருக்கும் தம்பி, அப்புறம் நான்.

ஏன் செய்தி என்று கேட்டால், வேறு எதை வைத்துக் கதைப்பது? வகுப்புகளில் எல்லோரும் பாடமாக்கி வருவது தன்னறிமுகம். பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம், பிடித்த நிறம். மூன்றாவது நிமிடத்தில் சரக்குத் தீர்ந்துவிடும். செய்தி தீராது, நாளைக்கும் ஒன்று வரும். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் ஒழுங்கையில் சந்தித்தால் முதற் கேள்வியே "என்ன புதினம்?" தானே. 1841 இல் இங்கே தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாகத்தான் வந்தது என்று ஐயா அடிக்கடி ஞாபகப்படுத்துவார். ஆக, செய்தி என்பதில் பிரச்சினை இல்லை. எந்தச் செய்தி, யாரோடு என்பதைத் தேடித்தான் ஒன்றரை வருடம் போனது.

முதலில் எடுத்தது கொழும்பு ஆங்கிலப் பேப்பர்களை. டெய்லி மிரர், ஐலண்ட், ஞாயிறென்றால் சண்டே டைம்ஸ். இது ஐயாவின் விருப்பம். அவர் இளந்தாரியாக இருந்தபோது டெய்லி நியூஸ் ஆசிரியத் தலையங்கத்தைச் சத்தமாக வாசித்தே ஆங்கிலம் பிடித்தவராம். அவருக்குச் சரிவந்தது எங்களுக்குச் சரிவரவில்லை. ஒரு பந்தியைக் கடக்க ஆறு தடவை அகராதி பார்க்கவேண்டியிருந்தது. நியூசிலாந்தின் பால் நேஷன் சொற்களை எண்ணுவதிலேயே காலம் கழித்த மொழியியலாளர். 2006 இல் அவர் போட்ட கணக்குப்படி, ஒருவர் பேப்பரை உதவியில்லாமல் வாசித்து விளங்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்கவேண்டும். கோ, கோஸ், வென்ட், கோயிங் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். காதால் கேட்டு விளங்குவதற்கு 6,000 முதல் 7,000 காணும். எங்கள் மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 2,000 தேறினாலே பெரிய காரியம்.

சொல்லாவது பரவாயில்லை, தேடிப் பிடிக்கலாம். ஆளைக் கெடுத்தது தலைப்பு மொழி. ஆங்கிலப் பேப்பர்த் தலைப்பில் 'இஸ்', 'வொஸ்' இருக்காது, 'த', 'ஏ' இருக்காது, நேற்று நடந்தது நிகழ்காலத்தில் வரும், நாளை நடக்கப்போவது 'டு' போட்டு வரும். 'மினிஸ்டர் டு விசிட் ஜஃப்னா' என்றமாதிரி. சோதனைக்கு நிற்கும் பிள்ளைகளில் ஒருத்தி இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நேற்று என்ன செய்தீர் என்று ஐயா ஆங்கிலத்தில் கேட்க, "கோ டு ரவுன், மீட் ஃப்ரெண்ட்" என்றாள். தந்திக்குச் சொல்லெண்ணிக் காசு வாங்கிய மனுசன் விடுவாரா? "பிள்ளை, இங்கே சொல்லுக்குக் காசு இல்லை, முழுசாச் சொல்லும்!"

தலைப்பைத் தாண்டி உள்ளே போனால் 'இட் இஸ் லேர்ன்ட் தட்' என்று தொடங்கும் வசனங்கள். பொலிஸ் அறிக்கையைத் தவிர வேறெங்கும் வாயால் சொல்லப்படாத ஆங்கிலம் அது.

ஆனால் கொழும்புப் பேப்பரை முற்றாகத் தள்ளவும் முடியாது. நம்முடைய சங்கதிகளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது அதில்தான் இருக்கிறது. விளக்கமறியல் 'ரிமாண்ட்'. ஹர்த்தால் ஆங்கிலத்திலும் ஹர்த்தால்தான். ஊர்ப் பெயர்களே ஒரு பாடம். நெடுந்தீவை 'டெல்ஃப்ட்' என்றும் ஊர்காவற்றுறையைக் 'கேய்ட்ஸ்' என்றும் சொல்வார்கள் என்பது, சத்தியமாக, எங்களில் மூன்று பேருக்குத் தெரியாது. கடை வைத்திருக்கும் தம்பி 'டெல்ஃப்ட்' ஏதோ ஒல்லாந்து ஊர் என்று நினைத்திருந்தார். அதுவும் பிழையில்லை, அங்கேயும் ஒன்று இருக்கிறது, பெயர் அங்கிருந்துதான் வந்தது.

அடுத்து, படிக்கிறவர்களுக்கென்றே எளிமையாக்கிய செய்தி. இந்த வகையில் மூத்தது வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1959 இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலிஷ்'. ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள் நின்று, வழமையான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வாசிப்பார்கள். 2025 மார்ச்சில் அந்த நிலையத்தின் ஊழியர்கள் பெரும்பாலோரை விடுப்பில் அனுப்பி ஒலிபரப்பை முடக்கிவிட்டதால், பழைய பதிவுகளை வைத்து ஓட்டவேண்டியதுதான். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' இருக்கிறது. 'நியூஸ் இன் லெவல்ஸ்' ஒரே செய்தியை மூன்று படிகளில் எழுதித் தரும். எங்களுக்குப் பிடித்தது 'பிரேக்கிங் நியூஸ் இங்கிலிஷ்'. செய்திக்கு அடியிலேயே கலந்துரையாடக் கேள்விகளும் வைத்திருப்பார்கள், வாத்தியார் இல்லாத குறை தெரியாது.

எல்லோருக்கும் விளங்கியது. அதுதான் வில்லங்கம். விளங்கியது, ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை. செல்லப்பிராணிகளுக்குக் காப்புறுதி எடுப்பது பற்றி ஒருநாள் வாசித்தோம். கேள்வி கேட்டால் மேசையைச் சுற்றி ஒரே பதில்: "இட் இஸ் வெரி இன்ட்ரஸ்ரிங்." வெங்காயத்துக்கே காப்புறுதி இல்லாத அண்ணை நாய்க்கான காப்புறுதி பற்றி என்ன கருத்துச் சொல்வார்? இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். காதைப் பழக்க இந்த வகை நல்லது, தனியே வீட்டிலிருந்து கேட்கலாம். வாயைத் திறக்க வைக்காது.

ஆட்கள் வேண்டாம், கைபேசி காணும் என்று ஒரு கட்சி. சட்ஜிபிடி மாதிரியான செயலிகளோடு குரலிலேயே கதைக்கலாம். கூச்சமுள்ளவர்களுக்கு இது பெரிய உதவி, மறுக்கமாட்டேன். வங்கித் தங்கச்சி இரவில் அதோடு கதைத்துப் பழகித்தான் எங்களுக்கு முன்னால் வாய் திறந்தார். ஆனால் அது எதற்கும் 'தட்ஸ் எ கிரேட் பொயின்ற்' என்கிறது. குறுக்கே விழாது, கோபப்படாது, "நீர் சொல்லுறது விசர்க் கதை" என்று சொல்லாது. உண்மையான உரையாடலில் பாதி, அடுத்தவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைவதுதான். அதை அதனோடு பழக முடியாது. இன்னொன்று, நம் பக்கத்துச் செய்தியைக் கேட்டால் தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லிவிடும். செய்தியை முதலில் நீங்களே அதற்குள் ஒட்டிக் கொடுத்துவிட்டு, "இதைப் பற்றி என்னோடு வாதாடு, நான் சொல்வதை ஒத்துக்கொள்ளாதே" என்று கட்டளை போட்டால் ஓரளவு தேறும்.

வெளிநாட்டுச் சொந்தங்களோடு வட்ஸ்அப்பில் கதைப்பதையும் பார்த்தோம். எங்களுக்கு இரவு 7 மணி என்றால் ரொறொன்ரோவில் குளிர்காலத்தில் காலை 8:30. வேலைக்கு ஓடும் நேரம். அப்படியும் அகப்பட்டால், இரண்டாவது வசனத்திலேயே "சரி சரி, அதை விடு, அம்மா எப்பிடி?" என்று தமிழுக்குப் போய்விடுவார்கள். இதை இத்தோடு விடுவோம்.

கடைசியாக வந்து சேர்ந்த வழி, சொன்னால் சிரிப்பீர்கள், தமிழ்ப் பேப்பர். காலையில் உதயனிலோ வலம்புரியிலோ எல்லோரும் வாசித்துவிட்ட ஒரு செய்தியை எடுத்து, பின்னேரம் ஆங்கிலத்தில் கதைப்பது. செய்தி ஏற்கெனவே விளங்கிவிட்டது, கருத்தும் ஊறிவிட்டது. மூளைக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை ஆங்கிலம்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. இந்திய இழுவைப் படகுகள், நெடுந்தீவுக் கடலில் கைது. வருடம் முழுக்க வருகிற செய்தி. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது என்பது வரை எல்லோருக்கும் தெரியும். குருநகர் அக்காவின் தமையன் கடலுக்குப் போகிறவர். அதுவரை எங்கள் மேசையில் பத்துச் சொல்லுக்கு மேல் சேர்த்துச் சொல்லாத அக்கா அன்றைக்கு ஐந்து நிமிடம் கதைத்தார். "மை பிரதர் நெற், ஒன் நைட், ஆல் கட், ஹூ பே?" இலக்கணம் நொண்டியது, ஆனால் விசயம் ஒன்றும் குறையவில்லை. சோதனைப் பிள்ளை ஒன்று, அந்தப் படகுகளில் வருகிற கூலித் தொழிலாளிகளும் பாவங்கள்தானே என்று ஆங்கிலத்தில் சொன்னது. அவ்வளவுதான். அக்காவுக்கு ஆங்கிலம் அறுந்தது: "தொப்புள்கொடி உறவு எண்டு சொல்லிக்கொண்டு வலையை அறுத்தா என்ன உறவு?"

இந்த வழியின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. சூடு இருந்தால்தான் வாய் திறக்கும். சூடு கூடினால் தமிழுக்குத் தாவும். முதலில் தமிழில் கதைத்தால் 20 ரூபாய் தண்டம் என்று வைத்தோம். எல்லோரும் அடங்கிப்போனார்கள், தண்டப்பணத்தில் ஒரு பிஸ்கற் பெட்டிகூட வாங்க முடியவில்லை. பிறகு ஐயா ஒரு வழி சொன்னார். தமிழில் வெடித்தால் வெடிக்கட்டும், அந்த வசனத்தை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள், சூடு ஆறினதும் எல்லோருமாகச் சேர்ந்து அதை ஆங்கிலமாக்குவோம். ஒரு ஆளுக்கு எந்த ஆங்கிலம் இல்லையென்று, அவர் தமிழுக்குத் தாவும் இடம் சரியாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. தொப்புள்கொடியோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினோம். 'அம்பிலிக்கல் கோர்ட்' என்று ஒருவர் அகராதியிலிருந்து எடுத்துப் போட, மகப்பேற்று வார்ட் மாதிரி இருக்கிறது என்று அக்காவே சிரித்துவிட்டார். கடைசியில் பலகையில் நின்றது: "தே கோல் அஸ் ஃபமிலி, தென் தே கட் அவர் நெற்ஸ்." அகராதியை மூடிவைத்த பிறகுதான் அது வந்தது. இன்றைக்கும் அக்காவுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

தொடர் செய்திகளுக்கு இன்னொரு வசதி. ஒரே விசயத்தைப் பல இடங்களில் தொடர்ந்து வாசித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து தாமாக ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்டீபன் க்ரஷன் என்ற மொழியறிஞர் சொல்வார். எங்களுக்கு மீனவர் விவகாரம் அப்படி. தமிழில் வாசித்த பிறகு அதே செய்தியைக் கொழும்புப் பேப்பரில் பார்த்தால், முன்பு சுவராக நின்ற பந்தி இப்போது வழிவிடும். ஐயாவுக்கு அதில் தனிச் சந்தோசம், தன் பேப்பருக்கும் இடம் கிடைத்ததே என்று.

நேஷன் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம்: ஒரே செய்தியை ஒருவருக்கு 4 நிமிடத்தில், அடுத்தவருக்கு 3 நிமிடத்தில், மூன்றாமவருக்கு 2 நிமிடத்தில் சொல்வது. மூன்றாம் தடவை தடுமாற நேரமே இருக்காது. வெங்காய அண்ணை இறக்குமதி பற்றிச் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். முதல் தடவை: "இம்போர்ட் கம், அவர் ஆனியன் நோ பிரைஸ்." மூன்றாம் தடவை: "எவ்ரி ஹாவெஸ்ற், தே இம்போர்ட். சோ வீ செல் அட் எ லொஸ்." எவரும் திருத்தவில்லை, அவரே வந்து சேர்ந்தார்.

அப்போ யாருக்கு எது? சோதனைக்கு நிற்கிற பிள்ளைகள் உலகச் செய்தியையும் விடக்கூடாது. ஐஈஎல்ரிஎஸ் பேச்சுப் பகுதியின் மூன்றாம் பாகம் 4, 5 நிமிடம் பொதுவான விடயங்களில்தான் போகும், சூழல், கல்வி, தொழில்நுட்பம் என்று. ஆனால் பொது அறிவுக்கு அங்கே புள்ளி இல்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும்தான். ஆகவே உள்ளூர்ச் செய்தியில் வாதாடப் பழகிய வாய் அங்கேயும் கைகொடுக்கும். வங்கித் தங்கச்சிபோல வேலைக்கு ஆங்கிலம் தேவையானவர்களுக்குக் கொழும்புப் பேப்பரின் வணிகப் பக்கம், வாரத்துக்கு ஒன்று. இப்போதுதான் தொடங்குகிறவர்கள், கூச்சக்காரர் என்றால், இரண்டு மாதம் கைபேசியோடு. மற்ற எவருக்கும் என் வாக்கு வாசிகசாலை மேசையில் கிடக்கும் தமிழ்ப் பேப்பருக்குத்தான்.

செய்தியைத் தெரிவுசெய்வதில் மட்டும் கவனம் வேண்டும். செம்மணி மனிதப் புதைகுழி மாதிரியான செய்திகளை நாங்கள் எடுப்பதில்லை. மேசையில் இருப்பவர்களில் யாருடைய வீட்டில் யாரைக் காணவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து இறந்தகால வினைச்சொல் பழகுவது சரியில்லை. விலைவாசி, காங்கேசன்துறைக் கப்பல், பலாலி விமானம், பஸ் தகராறு, கட்டாக்காலி மாடுகள் என்று சூடு அளவாக இருக்கிற செய்திகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

அரசியலை மூன்று மாதத்துக்கு ஒருக்கால்தான் அனுமதிக்கிறோம். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து, வருடக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் கிடக்கிற வட மாகாண சபைதான் வருகிற சனிக்கிழமைக்கு. ஐயா வெள்ளிக்கிழமையே வந்து கரும்பலகையை முழுக்கத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே ஒரு புதுப் பெட்டி சோக்கட்டி.